தீப்பொறி வளர்ந்த கதை

மாரி மழை இரவெல்லாம் பெய்து ஓய்ந்த காலை வேளையில், விறாந்தை ஓரத்தில் நிற்கும் ஸ்கூட்டரை உதைத்து எழுப்ப முயன்று களைத்துப்போனவர்களை நம்மிற் பலர் கண்டிருப்போம். பத்து முறை உதைத்தாலும் அது ஒருமுறை இருமும், மறுமுறை செருமும், பின்னர் மௌனமாகிவிடும். என் தந்தையாரிடம் 1962ஆம் ஆண்டின் வெஸ்பா ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. அது இவ்வாறு பிடிவாதம் பிடிக்கும் நாள்களில் அவர் சினங்கொள்வதில்லை. எஞ்சினின் பக்க மூடியைத் திறந்து, சுழற்சில்லின் முகத்திலுள்ள சிறு சாளரத்தினூடாகப் பழைய தபாலட்டைத் துண்டொன்றைச் செருகி, உள்ளே இருக்கும் இரண்டு சிறு உலோக முனைகளுக்கிடையே முன்னும் பின்னுமாக இழுத்தெடுப்பார். அடுத்த உதையில் எஞ்சின் உயிர்பெறும். சிறுவனாகிய எனக்கு அத் தபாலட்டைத் துண்டு ஒரு மந்திரக்கோலாகவே தோன்றிற்று.

அந்த வெஸ்பா இப்பொழுது என் வசம் இருக்கின்றது. தேய்ந்த முனைகளுக்கு மாற்று முனைகளை வாங்கிப் பூட்டியும் அவை நீடித்து உழைக்காமையால், அவற்றை நீக்கிவிட்டு, மின்னணுத் தீமூட்டல் எனப்படும் அமைப்பினை, அயலிலுள்ள மெக்கானிக் ஒருவரின் துணையுடன் அதிற் பொருத்தினேன். அந்த வேலை நடந்த நாள்களில் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தந்தையார் விட்டுச்சென்ற பழமையை நான் அழித்துவிட்டேனா, அல்லது அப் பழமையின் அடுத்த படியிற்றான் ஏறினேனா? இக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபொழுது இருநூற்றைம்பது ஆண்டுக் கால வரலாறு ஒன்று விரிந்தது. அதனையே நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதலில், தீமூட்டல் என்பது யாது எனச் சுருங்கக் கூறுவோம். பெற்றோல் ஆவியும் வளியும் கலந்த கலவையை எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலெழுந்து அழுத்துகின்றது. அது உச்சியை அடைவதற்குச் சற்று முன்னர், உருளைத் தலையிற் பூட்டிய பிளக்கின் நுனியில் ஒரு மின்பொறி தோன்ற வேண்டும். பொறி பிந்தினால் வலு குன்றும், எஞ்சின் சூடேறும். அளவு மீறி முந்தினாலோ பிஸ்டனின் முடி உருகித் துளைபடவும் கூடும். வெஸ்பாவில் உள்ளது போன்ற ஈரடிப்பு எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு பொறி தேவை. நிமிடத்துக்கு 5000 சுழற்சி எனின், செக்கனுக்கு ஏறக்குறைய 83 பொறிகள். அவ் வேகத்திலே சில்லு ஒரு பாகை திரும்புவதற்கு எடுக்குங் காலம் ஒரு செக்கனில் 30,000இல் ஒரு பங்கு. தீமூட்டலின் வரலாறு முழுவதும், இத்தனை நுண்ணிய வேளையைத் தவறாது காப்பது எவ்வாறு என்பதன் வரலாறேயாகும்.

இவ் வரலாறு தொடங்கும் இடமும் வெஸ்பா பிறந்த இத்தாலி நாடே என்பது இனிய பொருத்தமாகும். கோமோ நகரிற் பிறந்த அலெசாந்திரோ வோல்ற்றா, 1776ஆம் ஆண்டு மஜ்ஜோரே ஏரியின் சேற்றிலிருந்து குமிழியிட்டெழுந்த வாயுவைச் சேகரித்து ஆராய்ந்தார். இன்று மெதேன் என நாம் அறியும் வாயு அது. எரியும் வாயுவை வளியுடன் கலந்து மூடிய கலத்துள் அடைத்து, மின்பொறியால் அதனை வெடிக்கச் செய்யும் கருவியொன்றை அவர் அமைத்தார். மின் கைத்துப்பாக்கி என்று அது பெயர்பெற்றது. கோமோவிலிருந்து மிலான் வரை கம்பியிட்டு, இங்கே எழுப்பும் மின்னால் அங்குள்ள கைத்துப்பாக்கியை வெடிக்கச் செய்யலாம் என்றும் அவர் 1777இல் எழுதினார். மூடிய கலமும் எரியும் கலவையும் கம்பியும் பொறியும் அன்றே ஒன்றுகூடிவிட்டன. குறைவுபட்டது ஒன்றே. மீண்டும் மீண்டும், வேளை தவறாது, அப் பொறியை எழுப்பும் வழி அப்போது இருக்கவில்லை.

அவ் வழியைத் திறந்தவர் இங்கிலாந்தின் மைக்கல் பரடே. ஒரு சுருளினூடே செல்லும் காந்தப் பாயம் மாறும்பொழுது அச் சுருளில் மின் பிறக்கின்றது என்பதை அவர் 1831இல் நிறுவினார். மாறும்பொழுது என்ற சொல்லை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். காந்தம் அருகில் இருந்தால் மட்டும் போதாது. அதன் பாயம் கூடவோ குறையவோ வேண்டும். மாற்றம் எவ்வளவு விரைவானதோ அவ்வளவுக்கு மின்னழுத்தமும் உயரும். பின்னர் வந்த எல்லாத் தீமூட்டல் அமைப்புகளும் இந்த ஒரு விதியின் பிள்ளைகளே.

1860ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் எற்றியன் லெனுவார் அமைத்த வாயு எஞ்சினில், மின்கலங்களும் தூண்டற் சுருளும் பொறியை எழுப்பின. ஆயினும் அக் கால மின்கலங்கள் விரைவில் வலுவிழந்தன. ஆகவே, ஜேர்மனியின் கொட்லீப் டைம்லர் முதலானோர் மின்னையே கைவிட்டு, வெளியே சுடரால் செஞ்சூடாக்கப்பட்ட குழாயைக் கொண்டு கலவையை எரித்தனர். ஓடும் வண்டியில் திறந்த சுடரை வைத்திருப்பது எத்துணை ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இச் சிக்கலை அவிழ்த்த பெருமை ஸ்டுட்கார்ட் நகரின் றொபேட் பொஷ் பட்டறைக்கு உரியது. மின்கலம் தேவையில்லை; எஞ்சின் தானே காந்தத்தை அசைத்துத் தன் மின்னைத் தானே ஆக்கிக்கொள்ளட்டும் என்பதே மக்னெற்றோவின் தத்துவம். 1887இல் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் எஞ்சினுக்கு அப் பட்டறை மக்னெற்றோ செய்தது; 1897இல் டி டியோன் முச்சக்கர வண்டியொன்றில் அது பொருத்தப்பட்டது. 1902இல் அப் பட்டறையின் பொறியியலாளர் கொட்லொப் ஹொனோல்ட், உயர் அழுத்த மக்னெற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அமைத்தார். அமெரிக்காவிலே சார்ள்ஸ் கெற்றரிங் வேறு வழியில் சென்று, பற்றரியும் சுருளும் கொண்ட தீமூட்டலை உருவாக்கினார். 1910ஆம் ஆண்டின் கடிலாக் மோட்டார் வண்டிகளில் அது இடம்பெற்றது. மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் கெற்றரிங் வழியைப் பின்பற்றின. பற்றரி சுமக்க விரும்பாத சிறு வண்டிகளோ மக்னெற்றோவை விடாது பற்றிக்கொண்டன.

இனி வெஸ்பாவிடம் வருவோம். இரண்டாம் உலகப் போரிலே, இத்தாலியின் பொன்டெடேரா நகரில் விமானங்கள் செய்த பியாஜ்ஜியோ தொழிற்சாலை குண்டுவீச்சால் அழிந்தது. போர் முடிந்த நாட்டிலே வீதிகள் சிதைந்திருந்தன. மக்கள் கையிற் பணம் இல்லை. எளியவனும் ஏறிச் செல்லத்தக்க வண்டி ஒன்று வேண்டுமென்று என்றிக்கோ பியாஜ்ஜியோ எண்ணினார். அதனை வரைந்தவர் ஹெலிகொப்டர் ஆய்விற் பேர்பெற்ற கொறாடீனோ தாஸ்கானியோ. 1946 ஏப்பிரல் 23ஆம் நாள் வெஸ்பாவுக்கான காப்புரிமை விண்ணப்பம் பதிவாயிற்று. முதல் வெஸ்பாவின் எஞ்சின் 98 சி.சி. கொள்ளளவு உடையது. அடுத்த ஆண்டிலே மிலான் நகரின் இன்னொசெந்தி தொழிற்சாலை லம்பிரெட்டாவை வெளியிட்டது. வோல்ற்றா மனக்கண்ணால் கண்ட கம்பியின் மறு முனையாகிய மிலானிலேயே பொறி பறக்கும் வண்டிகள் ஆயிரக்கணக்கிற் பிறந்தன.

வெஸ்பாவின் சுழற்சில்லு சிக்கனத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. அது எஞ்சினின் ஓட்டத்தைச் சீராக்குகின்றது. அதன் இறகுகள் காற்றை வீசி உருளையைக் குளிர்விக்கின்றன. அதன் உட்புறத்திற் பதிந்த காந்தங்கள் மின்னையும் ஆக்குகின்றன. சில்லுக்கு உள்ளே, அசையாத தட்டொன்றில் சுருள்கள் அமர்ந்திருக்கின்றன. அத் தட்டிலேதான் தந்தையார் தபாலட்டையால் துடைத்த முனைகளும் இருந்தன. அவற்றைப் பட்டறையில் பொயின்ற் என்பர்.

முனைகள் மூடியிருக்கும்போது சுருளில் மின்னோட்டம் பெருகுகின்றது. உரிய வேளையில், சுழலும் தண்டிலுள்ள ஒரு மேடு முனைகளைத் திறந்துவிடும். ஓட்டம் அறுந்து, காந்தப் பாயம் சரிந்து, நுண்கம்பி சுற்றிய இரண்டாஞ் சுருளில் பல்லாயிரம் உவோற்று எழுந்து, பிளக்கிற் பொறியாகத் தாவும். திறக்கும் முனைகளிலேயே மின் தாவி அவற்றைச் சுட்டுவிடாதவாறு காப்பது, கொண்டென்சர் எனப் பட்டறையிலும் ஒடுக்கி எனப் பாடநூலிலும் வழங்கும் சிறு குப்பி. முனைகள் திறக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் நாலு பத்திலொரு பங்கு அளவினதே. முனையைத் தாங்கும் நார்ப்பலகைக் குதி தேயத் தேய அவ் விடைவெளி குறுகும், பொறியும் பிந்தும். எண்ணெய்த் துளி பட்டால் முனைகள் கருகும். ஒடுக்கி முதுமையடைந்தால், எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஓடி, சூடேறியதும் நடுவீதியில் நின்றுவிடும். குறைகள் பலவெனினும் அவை யாவும் கண்ணாற் காணத்தக்கன, கையால் திருத்தத்தக்கன. அதனாற்றான் ஒரு தபாலட்டைத் துண்டு அன்று போதுமானதாயிற்று.

முனைகளின் ஆட்சியை முடித்துவைத்தது சிலிக்கன் என்னும் தனிமம். 1957இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனம், தைரிஸ்டர் எனப் பின்னர் வழங்கிய சிலிக்கன் வாயிலை வெளிக்கொணர்ந்தது. அசையும் உறுப்பு எதுவும் அதில் இல்லை. சிறு மின் துடிப்பொன்று தட்டினால் அது திறந்து பெருமின்னைச் செல்லவிடும். 1969இல் ஜப்பானின் கவசாக்கி நிறுவனம் தன் 500 சி.சி. ஈரடிப்பு மோட்டார் சைக்கிளில் இவ்வகைத் தீமூட்டலை அமைத்தது. இன்னொசெந்தி தன் ஸ்கூட்டர் உற்பத்தியை 1971இல் முடிக்கும் தறுவாயில் 200 சி.சி. லம்பிரெட்டா சிலவற்றிலே மின்னணுத் தீமூட்டலைப் பொருத்தியது. 1972இல் வெளிவந்த 200 சி.சி. வெஸ்பா ரலியும் அவ்வாறே வந்தது. 1977இல் தொடங்கிய பி.எக்ஸ் வரிசையில், பெயரின் இறுதியிலுள்ள ‘இ’ என்னும் எழுத்து மின்னணுத் தீமூட்டலைக் குறிப்பதாயிற்று. இவ் வரிசையின் உறுப்புகளே இன்று பழைய வெஸ்பாக்களை மாற்றுவோருக்குப் பெரிதும் கைகொடுக்கின்றன. இத்தாலியில் நின்றுபோன லம்பிரெட்டாவின் இயந்திரங்கள் லக்னோவுக்குச் சென்றதும், பியாஜ்ஜியோவின் உரிமம் பெற்று வெஸ்பா செய்த இந்தியாவின் பஜாஜ் நிறுவனம் பின்னர்த் தன் சேட்டக் ஸ்கூட்டரை இலங்கை வீதிகளுக்கும் அனுப்பியதும் இக் கதையின் கிளைகள்.

புதிய அமைப்பு எவ்வாறு தொழிற்படுகின்றது? சுழற்சில்லின் காந்தங்கள் அவ்வாறே சுழல்கின்றன. அசையாத தட்டிலுள்ள ஒரு சுருள், சில நூறு உவோற்று மின்னை ஆக்கி, ஒரு சிறு பெட்டியில் அடங்கிய ஒடுக்கியை நிரப்புகின்றது. உரிய வேளை வந்ததும், உணர்சுருள் எனத்தக்க மற்றொரு சிறு சுருளின் மீது காந்த விளிம்பு கடந்து செல்ல, அதிலெழும் துடிப்பு தைரிஸ்டரின் கதவைத் தட்டுகின்றது. கதவு திறந்ததும் ஒடுக்கியின் மின் முழுவதும் உயர் அழுத்தச் சுருளுக்குள் ஒருமிக்கப் பாய்கின்றது. பழைய அமைப்பிலே ஓட்டத்தைத் திடீரென நிறுத்துவதாற் பொறி பிறந்தது. புதியதிலே ஓட்டத்தைத் திடீரென விடுவதாற் பொறி பிறக்கின்றது. முறை தலைகீழானது, விதி அதுவே. இரண்டிலும் உழைப்பது பரடே கண்ட மாற்றம் ஒன்றே. இம் மாற்றம் புதியதில் மிக விரைவானமையால், எண்ணெய் படிந்த பிளக்கிலும் பொறி தாவுகின்றது. எண்ணெயையும் பெற்றோலையும் கலந்து குடிக்கும் ஈரடிப்பு எஞ்சினுக்கு இது பெருவரம்.

இனி, கம்பியிணைப்பு. பழைய சில்லையும் தட்டையும் அகற்றி, ஒன்றுக்கொன்று இணையான புதிய சில்லையும் தட்டையும் பூட்டினோம். இவற்றை இணை பிரித்துக் கலத்தல் தகாது. காந்தங்களின் இடமும் சுருள்களின் இடமும் ஒன்றையொன்று சார்ந்தவை. சில்லின் துளையும் எஞ்சின் தண்டின் கூம்பும் பொருந்துகின்றனவா என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கம்பிகள் மூன்றே. பியாஜ்ஜியோவின் முறையிலே பச்சை, ஒடுக்கியை நிரப்பும் சுருளினது, சிவப்பு, உணர்சுருளினது, வெள்ளை, ஏர்த் எனப்படும் புவித்தொடுப்பு. வேறு இடங்களிற் செய்யப்பட்ட தட்டுகளில் நிறம் மாறுபடக்கூடும். ஆதலால் நிறத்தை நம்பாது, கம்பி எந்தச் சுருளிலிருந்து வருகின்றது என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தலே அறிவுடைமை.

மூன்று கம்பிகளையும் இணைத்து உதைத்தோம். பொறி இல்லை எனலாம். இருட்டில் உற்றுப் பார்த்தால், நலிந்த செந்நிறக் கீற்று ஒன்று எப்பொழுதாவது தோன்றி மறைந்தது. பெட்டி பழுது என்று முடிவு செய்து மற்றொன்று வாங்கினோம், பயனில்லை. மூன்றாவதையும் இரவல் பெற்றுப் பூட்டினோம், அதுவும் அவ்வாறே. மூன்று நாள் கழிந்தபின், மெக்கானிக் வெள்ளைக் கம்பியைத் தொடர்ந்து விரலை நகர்த்திச் சென்று, ஓரிடத்தில் நிறுத்தி, “தம்பி, இதைப் பூட்டினது ஆர்?” என்று கேட்டார். பூட்டியவன் நானே. புதிதாக வர்ணம் பூசிய உடற்தகட்டின் மீது, வர்ணத்தைச் சுரண்டாமலே அதனை முறுக்கியிருந்தேன். அத்துடன், வெஸ்பாவின் எஞ்சின் றப்பர்த் தாங்கிகளின் மீது தொங்குவதால், உடலும் எஞ்சினும் மின்னளவில் ஒன்றல்ல என்பதையும் நான் எண்ணவில்லை. வெள்ளைக் கம்பியைத் தட்டின் புவிமுனைக்கே கொண்டுசென்று, சுரண்டிய வெறும் உலோகத்திற் பூட்டி, எஞ்சினுக்கும் உடலுக்குமிடையே தனிக் கம்பி ஒன்றும் இட்டோம். முதல் உதையிலேயே நீலப் பொறி தாவிற்று. முதலில் வாங்கிய பெட்டியே இன்றும் வண்டியில் இருக்கின்றது.

தந்தையார் முனைகளுக்கிடையே தபாலட்டையை இழுத்தபொழுது செய்தது யாது? உலோகம் உலோகத்தைத் தொடுவதற்குத் தடையாயிருந்த மெல்லிய படலத்தை நீக்கினார். நான் மூன்று நாள் தவறவிட்டதும் அப்படலத்தையே. என் படலம் சற்றுத் தடித்திருந்தது, அழகாகவும் இருந்தது. பழைய அமைப்பைப் புரிந்தவர் இத் தவற்றைச் செய்யார். புதிய பெட்டியை ஒரு மாயம் என எண்ணியமையாலன்றோ, கேடு அதனுள்ளேயே இருக்க வேண்டும் என்று நான் நம்பினேன்!

எஞ்சியவற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். பழைய வண்டியிலே எஞ்சினை நிறுத்தும் பொத்தான், முனைச்சுற்றைப் புவியுடன் தொடுத்தது. புதியதிலே பச்சைக் கம்பியைப் புவியுடன் தொடுக்க வேண்டும். பழைய விளக்குகள் 6 உவோற்று, பி.எக்ஸ் தட்டு தருவதோ 12 உவோற்று. ஆகவே அழுத்தச் சீராக்கி ஒன்றை இடையில் இட்டு, குமிழ்களையும் ஊதுகுழலையும் மாற்றுதல் வேண்டும். இல்லையேல் அவை முதல் ஓட்டத்திலேயே எரிந்துவிடும். உறை உதிர்ந்த பழைய கம்பிக் கட்டையும் முழுமையாக மாற்றிவிடுதல் நன்று. ஒடுக்கியில் தங்கும் மின் கையை உதறச் செய்ய வல்லது. எனவே எஞ்சின் சுழலும்போது இணைப்புகளைத் தொடலாகாது. இறுதியாகப் பொறியின் வேளையை நிறுவ வேண்டும். 200 சி.சி. வெஸ்பாவில் அது பிஸ்டன் உச்சியை அடைய 23 பாகை இருக்கும்போது. மற்றவற்றுக்கு அவ்வவற்றின் கைந்நூல் கூறும் அளவு. தட்டைச் சில்லின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் நகர்த்தினால் பொறி முந்தும். அதே திசையில் நகர்த்தினாற் பிந்தும். மின்னொளி விளக்கால் ஒருமுறை சரிபார்த்துத் திருகிவிட்டால், தேயும் குதி இல்லாமையால் அவ் வேளை நெடுங்காலம் மாறாது.

ஆகவே, என் கேள்விக்கு விடை யாது? மக்னெற்றோ அழியவில்லை. அதன் கதவுதான் மாறியது. உலோகமும் நாரும் தேய்ந்து காத்த வாயிலை இப்பொழுது சிலிக்கன் தேயாது காக்கின்றது. பொறி உறுதிப்பட்டது, மழைக்காலக் காலைகளில் உதை குறைந்தது. ஆயினும் இழப்பு ஒன்று உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. அப் பெட்டி பிசினால் அடைக்கப்பட்டது. அது செத்தால் செத்ததே. வழியில் நின்ற வண்டிக்கு எந்தத் தபாலட்டையும் உதவாது. மாற்றுப் பெட்டி ஒன்றை உடன் கொண்டு செல்வதே வழி. கண்டறிந்து திருத்தும் மனிதன், வாங்கி மாற்றும் மனிதனாக ஆகிவிடும் அபாயம் இவ் வசதிக்குள் ஒளிந்திருக்கின்றது.

இவ் அபாயத்துக்கு என்னால் இயன்ற மாற்று ஒன்றைச் செய்திருக்கின்றேன். வண்டியின் உடலில் எங்கும் புதிதாகத் துளையிடவில்லை. பழைய சில்லு, தட்டு, முனைகள், ஒடுக்கி யாவற்றையும் எண்ணெய் தடவி, ஒரு பிஸ்கற் தகரத்துள் அடைத்து வைத்திருக்கின்றேன். விரும்புவோர் ஒரு மாலைப் பொழுதில் வண்டியை 1962ஆம் ஆண்டுக்கே திருப்பலாம். கம்பிகளின் நிறமும் வழியும் வெள்ளைக் கம்பி தொடும் இடமும் தெளிவாகத் தெரிய ஒரு படம் வரைந்து, வண்டியின் சிறு பெட்டகத்துள் வைத்துள்ளேன். அடுத்து இவ் வண்டியை எடுப்பவர், பெட்டியைக் குறைகூறுமுன் அப் படத்தைப் பார்ப்பாராயின், என் மூன்று நாள் வீண்போகவில்லை.

அப் படத்தை வரைவதற்கு நான் எடுத்த தாள், தந்தையாரின் மேசை இழுப்பறையிற் கிடந்த வெற்றுத் தபாலட்டை.